காயத்தைக் கழுவ வேண்டாம்

நெற்றியின் இடப்பக்கம், புருவத்துக்கு மேலே
இரண்டு விரற்கடை நீளத்தில் எனக்கொரு காயம்.
வரைந்தவர் பாலமேட்டுக்காரர்,
மாடு கிழித்த நிஜக்காயங்களைப் பார்த்த கை.
ஓரத்தைக் கொஞ்சம் கறுக்க விட்டார்.
"மூணாம் நாள் காயம் இப்படித்தான் இருக்கும்."

கீழக்குயில்குடி மலையடியில் காட்சி நாற்பத்தேழு.
புருஷன் அடித்த மூன்றாம் நாள்
நான் துணி அலசுகிறேன். வசனம் இல்லை.
வசனமில்லாத நாளாகக் கேட்டு வாங்கியது நான்தான்,
ராத்திரிக்குத் தொண்டை வேண்டும்.
பாதியில் வெயில் இறங்கிவிட்டது.
கன்டினியூட்டி பார்க்கிற ஜெனிட்டா
எல்லாக் கோணத்திலும் என்னைப் போனில் பிடித்துக்கொண்டாள்.
"அக்கா, கழுவிறாதீங்க.
இதே காயம், இதே இடம்,
காலைல ஆறரைக்கு எனக்கு வேணும்."

நாலு மணியிலிருந்து வேன் புளியமரத்தடியில் நின்றது.
ஏழு பேர், பதினொரு பெட்டி,
சிக்கந்தர் மடியில் கீபோர்டு.
டிரம்ஸ் வாசிக்கும் ஒச்சப்பன்
செக்கானூரணி தாண்டுகிறவரை பேசவில்லை.
பிறகு சொன்னான்:
"போஸ்டர்ல ஒம்படம் மட்டும்தான்.
கீழ சின்னதா 'மற்றும் குழுவினர்'.
எம்பேரு குழுவினரா?"
பார்த்தேன். அதிலும் நான் சினிமாவில்தான் நின்றேன்,
கையில் மைக் இல்லை, குடம்.
மிளகைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.
தொண்டைக்கு நல்லது,
பதில் சொல்லாமல் இருக்கவும்.

உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், பங்குனிப் பொங்கல்.
இரண்டு டிராக்டர் டிரெய்லரைச் சேர்த்துக் கட்டிய மேடை.
எங்கள் சொந்தப் பாட்டு ஐந்து, ஊர் கேட்டது பதினாலு.
ஒச்சப்பன் கோபத்தில் வாசித்தால்
ஊருக்குக் கொண்டாட்டம்.
நான் திரும்பிப் பார்க்காமல் பாடினேன்.
ஆனாலும் அவன் எண்ணுகிற ஒன்று, இரண்டு, மூன்று
முதுகெலும்பில் வந்து விழும், பத்து வருஷமாய்.
கழுத்தைத் துடைத்தேன், கன்னத்தைத் துடைத்தேன்.
நெற்றியை மட்டும்
நிறைகுடம் சுமப்பவளாய்
அசங்காமல் வைத்திருந்தேன், ஆடிக்கொண்டே.

பதினொன்றரைக்கு மேடைக்குப் பின்னால்
கடலை விற்கிற அக்கா ஒருத்தி வந்தாள்.
பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"எவன் அடிச்சான்?"

பெயின்ட் என்று சொல்ல வாயெடுத்தேன்.
மூன்று மணி நேரம் கத்திய தொண்டையில்
வெறும் காற்றுதான் வந்தது.
அதை அவள் அழுகை என்று எடுத்துக்கொண்டாள்.
முந்தி முடிச்சை அவிழ்த்து
கோயிலில் கொடுத்த மஞ்சளை
எச்சில் தொட்டுக் குழைத்து
காயத்தில் அழுத்தி அப்பினாள்.
பொட்டலத் தாளில் நம்பர் எழுதினாள்.
"திரும்பக் கை வச்சான்னா
எந்நேரம்னாலும் கூப்பிடு.
எந்தம்பிக மூணு பேரு இருக்கானுக."
பக்கத்தில் நின்ற ஒச்சப்பனை
மேலிருந்து கீழே ஒருமுறை முறைத்துவிட்டுப் போனாள்.

வேனில் அவன் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தான்.
"டிரம்ஸத் தவிர எதையும் அடிச்சதில்லன்னு
நீயாச்சும் சொல்லிருக்கலாம்ல."

காலை ஆறரை.
ஜெனிட்டா போனையும் என் நெற்றியையும்
மாறி மாறிப் பார்த்தாள்.
"என்னக்கா இது, மஞ்சளா?"
ஸ்பிரிட் பஞ்சு மூன்று தீர்ந்தது.
பாலமேட்டுக்காரர் புதிதாய் வரைந்தார்.
ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு மட்டும் போக மறுத்தது.
"இருந்துட்டுப் போகட்டும்,
யாரோ மருந்து போட்டுவிட்ட மாதிரி."
"கதையில அவளுக்கு மருந்து போட ஆளில்லண்ணே"
என்றாள் ஜெனிட்டா.

ஒரு வாரம் கழித்து அந்த நம்பரைக் கூப்பிட்டேன்,
உண்மையைச் சொல்லிவிடத்தான்.
அந்தப் பக்கம்
இரும்புச் சட்டியில் மணலைக் கிளறுகிற சத்தம்.
என் குரலைக் கேட்டதும், பேர்கூடக் கேட்காமல்,
"ஆறிருச்சா?" என்றாள்.

"ஆறிக்கிட்டு வருதுக்கா."

மீதிக் காட்சிகள் ஆடி மாசம்.
ஆடிக்கு இருபத்திரண்டு ஊர் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.
ஜெனிட்டா என் காயத்தைப்
பத்திரமாய் வைத்திருக்கிறாள்.